மூன்றாம் கட்டில் நிலவரம்

மார்ச் 3, திங்கள்
முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற இடத்திலிருந்து என்னை வார்டுக்கு மாற்றி ஒரு வாரம். தினமும் இரண்டு மணிக்கு டாக்டர் போனில் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. நேற்றைவிட இன்று எப்படி என்று கட்டிலுக்கு ஒரு வரி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் யாரைப் பார்க்க வருவது என்று முடிவு செய்வார். இன்று "மோர் பெட்டர்" என்றேன். ஹெட் நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "மாசக் கடைசிக்குள்ள ஒழுங்கா சொல்லு. இல்லன்னா பழையபடி சோப்புத் தண்ணிதான்." அந்தத் தண்ணீரில் வெந்த விரல்கள் இன்னும் ஆறவில்லை.

மார்ச் 6
தமிழில் 'நேற்றைவிட' முதலில் வருகிறது, ஆங்கிலத்தில் கடைசியில். பாத்திரம் தேய்த்தபடி சொல்லிப் பார்த்தேன். "யாரோட பேசறே?" என்றாள் அண்ணி. இந்த வீட்டில் என்னைவிட எல்லாரும் பெட்டர்தான், போ.

மார்ச் 14
வந்துவிட்டது! "ஹீ இஸ் மச் பெட்டர் தேன் யெஸ்டர்டே." ஒரே மூச்சில். டாக்டரே "குட்" என்றார். மூன்றாம் கட்டில்காரர் நிஜமாகவே தேறியிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர். ஊட்டப் போனால், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று விரட்டுகிறார்.

மார்ச் 19
'மோசம்' என்று சொல்லவும் தெரியும். சொன்னால் டாக்டர் கேள்வி கேட்பார் — எப்போதிலிருந்து, மூச்சு எப்படி, வலி எங்கே. பதில் சொல்ல எனக்கு ஆங்கிலம் இல்லை. 'பெட்டர்' என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மார்ச் 22, சனி
கண்டக்டருக்குக் கால் வீங்கியிருந்தது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். "நேத்து மாதிரி இல்லம்மா. டாக்டர வரச் சொல்லு" என்றார். சரி என்றேன்.
இரண்டு மணிக்கு டாக்டரிடம் மச் பெட்டர் என்றேன். ஹெட் நர்ஸ் பக்கத்திலேயே நின்றார். வாய் தவறி வரவில்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

மார்ச் 23
காலையில் போனபோது கட்டில் காலி.

மார்ச் 24
அவர் மகன் வந்து, டாக்டரிடம் தினமும் சொல்வதை எழுதிவைக்கும் ரிப்போர்ட் நோட்டைப் படித்தார். "கடைசி நாள் நல்லாத்தான் இருந்திருக்காரு. அந்த மட்டும் நிம்மதி." என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அடிப்பாவி, அப்பவாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? டாக்டர் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? யாரைக் கேட்பேன்?

மார்ச் 31
இரண்டு மணிக்கு டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "தட் சாட்டர்டே, பெட் த்ரீ, நாட் பெட்டர். ஐ டெல்..." பொய்க்கு ஆங்கிலம் வரவில்லை. "வாட்?" என்றார். "பொய், டாக்டர், பொய்" என்றேன். ஹெட் நர்ஸ் போனைப் பிடுங்கி, "நத்திங், டாக்டர்" என்று வைத்துவிட்டார்.

"நானும் பக்கத்துலதானே நின்னேன்? எனக்கும் கண்ணு இருந்துதே" என்றார். பிறகு வேலையை நிரந்தரமாக்கிய காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "இதோட விட்டுடு."

கையெழுத்துப் போட்டேன்.