அம்மா இறந்துவிட்டது

என் வீட்டு மகாராணிக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முட்டி வலி குறைந்ததா?

நம் கடைக் கணக்குப்பிள்ளை நேற்று லீவு கேட்டு எழுதிக் கொடுத்தான்: “அம்மா இறந்துவிட்டது, ஊருக்குப் போக வேண்டும்.”

“உங்கம்மா என்ன ஆடா, மாடா? ‘இறந்துவிட்டார்’னு எழுதுய்யா” என்றேன். அழுதுகொண்டே திருத்திக் கொடுத்தான்.

“இப்பதான் இது தமிழ். ஆனா சரக்கு இறங்குற நேரம், லீவெல்லாம் கிடையாது.”

“நீங்க போனா ‘செத்துச்சு’ன்னுதான் எழுதுவேன், முதலாளி!” என்று சாவியை வீசிவிட்டுப் போய்விட்டான்.

நீ கவலைப்படாதே, வியாபாரம் நிற்கவில்லை. தமிழ் தெரியாத இந்த ஊரில் என்னோடு தமிழ் பேச அவன் ஒருவன்தான் இருந்தான். இப்போது கல்லாவில் உட்கார்ந்து தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன். சீக்கிரம் ஓர் ஆளைப் பார்த்து அனுப்பு. தாய் தகப்பன் இல்லாதவனாக இருந்தால் நல்லது.

உன் வீட்டுக்காரன்