‘ஏர்’ என்று பெயர் வைத்த ஆட்டம்

அக்டோபர் 7, 1905, சனி

மைதானம் முழுக்கச் சேறு. ஆனாலும் அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் கல்லூரி அணிக்கு 29–0 வெற்றி. ‘ஏர்’ ஐந்து முறையும் பலித்தது. பத்துப் பேர் ஆப்பு வடிவில் நெருங்கி நின்று, பந்து வைத்திருப்பவனை நடுவில் பொத்திக்கொண்டு, எதிரணியில் ஒரே ஒருவனைக் குறிவைத்து மோதுவது. நானே யோசித்தது. சோளக்கொல்லையில் வளர்ந்தவன் வேறென்ன பெயர் வைப்பேன்?

மனைவி லெட்டி கேலி செய்தாள்: “இப்படியே போனா உங்களுக்குச் சிலை வச்சிடுவாங்க. காக்கா வந்து உட்காரும், பாத்துக்குங்க.”

அக்டோபர் 14

வால்பர்ன் கல்லூரியோடு ஆட்டம். அவர்களில் யாரைக் குறிவைப்பது என்று நேற்று நான்தான் சொன்னேன். ஆல்வின் டீட்ஸ். பத்தொன்பது வயது, ஒல்லி. மூன்றாவது மோதலில் விழுந்தான். எழவில்லை.

ஜெயித்தோம்.

அக்டோபர் 16

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆல்வினின் அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. எதிரணியின் பயிற்சியாளன் என்று சொன்னதும் நாற்காலியை நகர்த்திப் போட்டார். “தொப்பியக் கைல வச்சுக்கிட்டு ஏன் நிக்கறீங்க? உக்காருங்க.”

பையன் கண் திறந்து என்னைக் கேட்டான்: “யார் ஜெயிச்சா?”

“நீங்கதாம்பா.”

சிரித்தான். சற்று நேரத்தில் மறுபடி கேட்டான். நான்கு முறை கேட்டான். நான்கு முறையும் அதே பொய்.

வாசல்வரை வந்த அப்பா சொன்னார்: “சுரங்கத்துல கல்லு விழும். அது ஆள் பாத்து விழாது. என் பையன் மேல ஆள் பாத்துத்தானே விழுந்தீங்க?”

“ஆமாங்க.”

அடித்திருக்கலாம். கதவைத்தான் சாத்தினார்.

அக்டோபர் 17

இனி ‘ஏர்’ கிடையாது என்று அணியிடம் சொன்னேன். கேப்டன் ராஸ்கோ கொதித்துவிட்டான்: “கையக் கட்டிப் போட்டுட்டு ஜெயிச்சு வான்னா எப்படி கோச்?”



நவம்பர் 4

தோல்வி. 0–16.

நவம்பர் 11

தோல்வி. ஆல்வினை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வலது கை இன்னும் அசையவில்லை.

நவம்பர் 13

கல்லூரித் தலைவர் பெல்நாப் கூப்பிட்டனுப்பினார். “உங்க மனசு புரியுது. ஆனா நன்றித் திருநாள் ஆட்டமும் போச்சுன்னா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது.”

நவம்பர் 30, நன்றித் திருநாள்

கடைசி நிமிடங்கள். 0–0. எதிரணியின் கோட்டைத் தாண்ட இன்னும் நான்கு கஜம். வெளியிலிருந்து பயிற்சியாளன் வாய் திறக்கக் கூடாது, அது விதி. ராஸ்கோ என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பையன்களை நெருங்கி நிற்கச் சொன்னான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ‘ஏர்’தான்.

கத்தியிருக்கலாம். ஆட்டத்தையே நிறுத்தியிருக்கலாம். ஏன் கத்தவில்லை? விதிக்குப் பயந்தா, இல்லை உள்ளுக்குள்ளே எனக்கும் ஆசை இருந்ததா?

யாருக்கும் அடியில்லை. 5–0. ஊரே என்னைத் தோளில் தூக்கியது. “இறக்குங்கப்பா, இறக்கி விடுங்க!” என்று கத்தினேன். சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்து இன்னும் உயரத் தூக்கினார்கள்.

டிசம்பர் 1

பெல்நாப் மூன்று வருட ஒப்பந்தத்தை நீட்டினார். வேண்டாம் என்றேன். லெட்டியிடம் சொன்னேன். “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றாள். பிறகு ஊரைவிட்டுக் கிளம்ப, பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினாள்.

ஏப்ரல் 20, 1906

ஆட்டத்துக்குப் புது விதிகள் வந்திருக்கின்றன. இனி பந்தை முன்னால் வீசலாமாம், மோதியே முன்னேற வேண்டியதில்லை. இப்போது வேலை பார்க்கும் தானியக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே நின்று இரண்டு முறை படித்தேன்.

செப்டம்பர் 10

இந்த ஊர்ப் பள்ளியில் முதல் நாள் பயிற்சி. பதினாலு பையன்கள். ஒருவனுக்கும் பந்து வீசத் தெரியாது. எனக்கும்தான்.

ஒரு தாய் மகனோடு வந்தாள். “இவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க, விட்டுட்டுப் போறேன்.”

போன வருஷமாக இருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. நீங்களே உக்காந்து பாருங்க. பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லுங்க.”

முறைத்தாள். பிறகு பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு கோட்டோரமே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு முறை “நிறுத்துங்க” என்றாள்.

இரண்டு முறையும் விசில் ஊதினேன்.