வாங்கிய வெற்றிலை

அருப்புக்கோட்டை,
20-1-1969

அன்பு மகள் முத்துத்தாய்க்கு, உன்னைப் பெற்றவள் சந்தனம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். மனசும் நன்றாக இருக்கிறது என்று எழுத எனக்குப் பொய் வரவில்லை. மேடையில்தான் வரும்.

மழை ஏமாற்றியதில் மாமாவின் பருத்தி பாதியிலேயே காய்ந்துவிட்டது. உன் அப்பாவுக்கு ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அமுங்கினால் எழமாட்டேன் என்கிறதாம். பெட்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீடு தீப்பிடித்தாலும் அதை மாட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். தரகர் இருளப்பசாமி வந்துவிட்டுப் போனார். காரியாபட்டிப் பொன்னுச்சாமி வீட்டில் உன்னை மருமகளாக எடுக்கச் சம்மதமாம். வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாமாம். ஆனால் நாடகக்காரி தாம்பூலத் தட்டைத் தொடக் கூடாதாம். சபைக்கும் வரக் கூடாதாம். என் இடத்தில் உன் அத்தை பெத்தம்மாள் நிற்பாளாம். கல்யாணத்துக்குப் பிறகு நான் மேடையும் ஏறக் கூடாதாம். அப்பா தாராளமாக வரலாமாம். கேட்டாயா நியாயத்தை? ஒரே மேடை, ஒரே விளக்கு வெளிச்சம். உட்கார்ந்து வாசித்தவர் சம்பந்தி, நின்று நடித்தவள் ஆகாதவளா? இதைக் கேட்டுக்கொண்டு உன் அப்பா, ஒரு நாள்தானே விடு என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டையைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

வெற்றிலையின் மதிப்பை இந்தக் கைக்கு அவர்களா சொல்லித் தர வேண்டும்? நாடகத்துக்கு நாள் குறிக்க வருகிறவர்கள் கையால் வெற்றிலை வாங்கிவிட்டால் அது வாக்கு. தோழிப் பெண்ணாக மேடையேறி, ஸ்திரீபார்ட் ஆகி, ஆண்களுக்குச் சரியாக ராஜபார்ட்டும் கட்டி, இன்றைக்குப் பாலவனத்தம் வரைக்கும் இளவட்டங்களுக்கு வசனமும் நடையும் சொல்லிக்கொடுத்து நாடகம் ஏற்றுகிற வாத்தியாராக இருக்கிறேன். வாங்கிய வெற்றிலையை ஒரு தரம்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. நீ பிறந்து தீட்டுக் கழிந்த கையோடு திருச்சுழியில் நாடகம். ஆர்மோனியப் பெட்டி மூடியில் சேலையை மடித்து விரித்து உன்னைக் கிடத்திவிட்டுத்தான் ஏறினேன். நீ அழுதபோது உன் அப்பா சுருதியைக் கூட்டி வைத்து வாசித்தார்.

அந்தப் பொன்னுச்சாமி யார் என்று உனக்கு நினைவிருக்காது, சின்னப் பிள்ளை நீ. காரியாபட்டிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட ஒரு சமூக நாடகம் நடத்தினார்கள். நான்தான் வாத்தியார். கதாநாயகியாக நடிக்க எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்பவில்லை. மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றவர் அந்த மனுஷர்தான், அப்போதே பிள்ளை குட்டிக்காரர். சேலை கட்டிவிட்டது நான். திரை தூக்குமுன் வழக்கப்படி தட்டில் வெற்றிலை வைத்து நீட்டி என் காலில் விழுந்து எழுந்தார். அன்றைக்கு இந்தக் கை நல்ல கையாக இருந்தது.

சனிக்கிழமை நானே பஸ் ஏறி அவருடைய பருத்தி விதைக் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து, "வாங்க வாத்தியாரம்மா" என்றுவிட்டார். பழைய பழக்கம், வாய் முந்திக்கொண்டது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவும், "அது மேடை. இது குடும்பம்ல" என்று குரலைத் தாழ்த்தினார்.

"குடும்பத்துப் பொம்பளை மாதிரி உக்காரவும் எந்திரிக்கவும் ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான" என்றேன். மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஆள் சிரித்துவிட்டான்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஒங்க மக, 'எங்க அம்மாவே நிக்கட்டும்'னு ஒரு வார்த்தை சொன்னா, எங்க வீட்டுப் பொம்பளைக வாயை நான் அடைச்சிருவேன். அந்தப் பிள்ளையே அத்தை நின்னாப் போதும்னு இருளப்பசாமிகிட்டச் சொல்லிருச்சாமே."

அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

தரகர் உன் விடுதிக்கு வந்ததை நீ எனக்கு எழுதவே இல்லை. பையன் நல்லவன், வீடு நல்ல வீடு, அம்மா ஒரு நாள் அடுப்படியில் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்திருப்பாய். குறையும். இன்றைக்கு நான் தட்டைத் தொடக் கூடாதவள் என்று நீ ஒத்துக்கொண்டால், நாளைக்கு உன் பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்றும் நான் வாசலோடுதான் நிற்க வேண்டும். என் கோபத்தில் பாதிதான் அவர்கள் மேல். மீதி யார் மேல் என்று உனக்கே தெரியும்.

நிச்சயத்துக்கு மறுநாள் திருச்சுழியில் நாடகம். வெற்றிலை வாங்கிவிட்டேன், திருப்ப மாட்டேன். உன் நிச்சயத்தையும் நிறுத்த மாட்டேன். அத்தைதான் என்று நீ சொன்னால் அத்தையே நிற்கட்டும். கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து நானே வாங்கி, துடைத்து, தட்டில் அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

போன ஆவணியில் உன்னைப் பார்க்க மதுரைக்கு வந்தேனே, விடுதி வாசலில் தோழிகளோடு நின்றுகொண்டு அம்மா என்று கூப்பிட்டாய். பக்கத்தில் நின்ற வாட்ச்மேனுக்குக்கூடக் கேட்டிருக்காது. எத்தனையோ முரட்டுத் தொண்டைகளைப் பேச வைத்தவள், அன்றைக்கு உன் குரலைத் திருத்தாமல் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நிச்சயத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வா. காரியாபட்டி ஆட்களும் அதில்தான் வருவார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பேன். இறங்கியதும் என்னைக் கூப்பிடு. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்.

நூறு வயசு நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
சந்தனம்மாள்