அக்காவின் கடை திறக்கவில்லை

மார்ச் 3, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஈ ஓட்டினேன். மதியம் பிரேம் சரிசெய்ய வந்த அம்மாள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். என் அக்கா இன்டர்நெட்டில் திரைச்சீலைக் கடை போட்டிருக்கிறாளாம், பிரமாதமாக இருக்கிறதாம். தெரியுமே என்பதுபோல் தலையாட்டினேன். எங்கே தெரியும்? நாங்கள் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அவளே திரை தைத்துக் கொண்டுவந்து மாட்டினாள். ஒரு சாண் குட்டை. ஜன்னலுக்கு அரை டிராயர் போட்ட மாதிரி இருக்கிறது என்றேன். இருந்ததே! அத்தனையையும் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனவள்தான். அன்றிலிருந்து ஜன்னல்களில் பழைய போர்வை தொங்குகிறது. வேறு திரை நான் வாங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் அவள் கடையைத் தேடினேன். சுற்றிச் சுற்றி, ‘இந்தத் தளத்தை அடைய முடியவில்லை’ என்றது. மற்ற எல்லா எழவும் திறக்கிறது.

மார்ச் 4

அணைத்துப் போட்டேன். பழைய குப்பையெல்லாம் அழித்தேன். மோடம் வயரைப் பிடுங்கி மாட்டினேன். ம்ஹூம். இணைப்புக் கம்பெனிக்குப் போன் போட்டால், அந்தப் பெண் வயரைப் பிடுங்கி மாட்டச் சொன்னாள். மாட்டியாயிற்று என்றேன். இன்னொரு தடவை மாட்டச் சொன்னாள்.

வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, விட்டுத்தள்ளு என்றார். இத்தனை கனிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 6

கடைக் கம்ப்யூட்டரில் அடித்தேன். வெண்ணெய் மாதிரி திறந்தது! முதலாளி முதுகுக்குப் பின்னால் நடமாடியதால் அரைகுறையாகத்தான் பார்த்தேன். திரைகள் — சரி, நன்றாகத்தான் இருக்கின்றன. மேலே அவள் படம். எங்கள் இருவரின் பழைய படம்தான் அது. என்னை வெட்டிவிட்டாள். என் முழங்கை மட்டும் அவள் தோளில் கிடக்கிறது. எண்ணெய் தெறித்த தழும்போடு.

ஊருக்கெல்லாம் திறக்கிற கடை எங்கள் வீட்டுக்கு மட்டும் சாத்திக் கிடந்தால் என்ன அர்த்தம்? அவள்தான் நம்மைத் தடுத்து வைத்திருக்கிறாள். சாயங்காலம் என் பட்டன் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். திட்டத்தான். பிஸி. மறுபடியும் பிஸி. மறுபடியும். அதையும் தடுத்திருக்கிறாள், பாவி.

மார்ச் 7

எனக்கென்ன, போகட்டும். (எழுதி முடித்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.)

மார்ச் 8, ஞாயிறு

ரிப்பேர்காரர் வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்து தூசியை என் முகத்தில் ஊதினார். இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றார். சளைக்காமல் நின்றேன். கடைசியில் வேண்டாவெறுப்பாக மோடத்தின் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தார். ‘சிறுவர் பாதுகாப்பு’ என்று ஓர் இடம். அதில் தடுத்து வைத்திருந்தது ஒரே ஒரு தளம். அக்கா கடை.

“வீட்ல சின்னப் பசங்க யாருங்க?” என்று கேட்டார்.

யாருமில்லை, நாங்கள் இரண்டு பேர்தான் என்றேன். திரும்பிப் பார்த்தால் இரண்டாவது ஆளைக் காணோம். பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பிளாஸ்டிக் செடி!

பிடித்து உலுக்கியதில் எல்லாம் கொட்டியது. இவரும் சகலையும் இத்தனை நாளும் திருட்டுத்தனமாகப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கடை விஷயத்தையும் சகலைதான் சொல்லியிருக்கிறார். அவள் பேச்சு வந்தாலே எனக்கு ஒரு நாள் தலைவலி, இவருக்கு ஒரு வாரம் தலைவலியாம். அதனால் இரண்டு மேதாவிகளும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். இவர் கடையை அடைப்பது, அவர் அக்கா போனில் என் நம்பரை அடைப்பது.

இவர் போனைப் பிடுங்கி அக்காவுக்கு அடித்தேன். எடுத்தாள். என்ன பேசுவது?

“உன் கடை எங்க வீட்ல திறக்கலை” என்றேன்.

அவள் கேட்டாள்: “எத்தனை நாளா?”

ஒப்பந்தத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அங்கே சகலையைக் கூப்பிட்ட சத்தத்தில் என் காது அடைத்தது. அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு ஆம்பிளைகளையும் வறுத்தெடுத்தோம். எங்கள் சண்டைக்கு நேரமே கிடைக்கவில்லை.

வைக்கும்போது அந்த முழங்கையைப் பற்றிக் கேட்டேன்.

“அதை வெட்டினா என் தோளும் சேர்ந்து போயிடும்டி” என்றாள்.

மார்ச் 10

ஜன்னல் அளவு கேட்டாள். நானே அளந்து சொன்னேன். வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், கேட்காமலே.

மார்ச் 29, ஞாயிறு

திரை வந்தது. அவளே வந்து மாட்டினாள். நீளம் ஒரு சாண் அதிகம். தரையைப் பெருக்குகிறது. ஸ்டூலிலிருந்து இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள்.

வாயைத் திறக்கவில்லையே நான்.