பக்கத்துக் கப்பல் சொன்ன சட்டம்

செவ்வாயின் நிலவு போபோஸ், சரக்குத்துறை, வெளி வரிசை. காலை 6:10

இன்று காலை என் கப்பலின் குரல் இறங்கிவிட்டது. துறையைக் கூப்பிட்டால் அவர்களுக்குக் கேட்கவில்லை. மாலைக்குள் வருகையைச் சொல்லாவிட்டால் என் வரிசை பின்னால் நிற்கும் கப்பலுக்குப் போய்விடும். தொட்டி நிறையத் தண்ணீர். வாங்குகிறவர் காத்திருக்க மாட்டார்.

வயர்லெஸ்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பதிவில் ஒரே வரி மறுபடி மறுபடி: “துறைச் சட்டம் மாறியது. ஆற்றல் குறைக்கப்பட்டது.” துறையில் எந்தச் சட்டமும் மாறவில்லை.

எழுதுவது செல்லக்கனி, தூத்துக்குடி. இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர் என்னை ஏமாளி என்று எண்ணிவிடக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

9:40

ஆன்டெனா மாற்றினேன். வயர்லெஸ் கார்டு மாற்றினேன். டிரைவரை அழித்துப் புதிதாக ஏற்றினேன். அதே வரி.

பழுதான பொருள் தாறுமாறாக நடக்கும். இது ஒழுங்காகக் கீழ்ப்படிகிறது. யாருக்கு?

12:25

பின்னால் நிற்பவன் தேவசகாயம். முன்னாள் கூட்டாளி, என் வாடிக்கையாளர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுபோனவன். எரிபொருளுக்காக போபோஸின் மறுபக்கம் போனான். அந்த வரி நின்றது. திரும்பி வந்தான்; வரியும் வந்தது.

புரிந்துவிட்டது. புதுத் துறைக்கு வந்த டிரைவருக்கு அங்கே எவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்று தெரியாது. பக்கத்துக் கப்பலின் அலை சொல்வதை நம்பிக்கொள்ளும். அவன் பொய்யான ஒரு துறையின் பெயரைப் பரப்புகிறான். கிசுகிசுக்க மட்டுமே அனுமதியுள்ள துறை.

அவனிடமிருந்து வந்தது: “என்னக்கா, சத்தத்தையே காணோம்? தொண்ட கட்டிக்கிட்டோ? சுக்கு தட்டிப் போட்டுக் குடிங்க. ஒங்க வரிசைய நான் பாத்துக்கிடுதேன்.”

13:50

பக்கத்துப் பேச்சை நம்பாதே என்று டிரைவரில் ஒரு வரி எழுதினேன். குரல் திரும்பியது. துறை பதில் சொன்னது: “செல்லக்கனி, வருகை ஏற்கப்பட்டது.” வரிசை தப்பியது.

அத்தோடு விட்டிருக்கலாம்.

அவன் கப்பலிலும் இதே டிரைவர்தான். இரண்டு கப்பல்களையும் பழைய கப்பல் உடைக்கிற இடத்தில் பேரம் பேசி வாங்கியவள் நான். மூச்சுக்காற்று வால்வுகளை இயக்கக் கம்பி இழு என்று அப்போதே சொன்னேன். வீண் செலவு என்று வால்வுகளையும் வயர்லெஸ்ஸிலேயே ஓட்டினான்.

நானும் ஒரு துறையை உண்டாக்கினேன். எந்த அலைவரிசையிலும் யாரும் வாய் திறக்கக் கூடாத துறை. முழு ஆற்றலில் பரப்பினேன்.

14:35

பக்கத்துக் கப்பல்வரை மட்டுமே எட்டும் விண்வெளி உடையின் தனி ரேடியோவில் கூப்பிடுகிறான்.

“அக்கா, வால்வு தொறக்க மாட்டேங்குது. கப்பல்லயும் உடுப்புலயும் காத்து கொறையுது. வெளையாடாதீய.”

அனுப்பினேன்: “தொண்ட கட்டிக்கிட்டா தம்பி? சுக்கு இருக்கா?”

14:50

“புள்ளைய மேல சத்தியமா இனிமே செய்ய மாட்டேங்க்கா.”

அனுப்பினேன்: “சத்தியத்த வச்சு நான் என்னல செய்ய? கப்பல் பத்திரத்துல கைநாட்டு வையி.”

மூச்சு மட்டும் கேட்கிறது. என் பொய் அலையை நிறுத்தும் பொத்தானில் விரல் இருக்கிறது. அழுத்தவில்லை.

15:05

உடை ரேடியோ வழியே கைநாட்டு வந்தது. அதன் பிறகே அழுத்தினேன்.

பேசி முடித்தது: கப்பலும் அதன் வரிசையும் எனக்கு. ஓட்டுகிற வேலை அவனுக்கு. வால்வுகள் இனி என் அலையை மட்டும் கேட்கும். நான் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவன் மூச்சு விடலாம்.