சப்கா என்றால் எல்லாருக்கும்

இன்று காலை சைட்டில் மண் பெட்டியைத் திறந்ததும் அந்த அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. கடலோர உப்புத்தரையில் நேற்று எடுத்த கறுப்புச் சேறு. பக்கத்தில் நின்றவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். நான் பொத்தவில்லை. நீ இருந்தால், "உன் சாக்ஸுக்கு இது எவ்வளவோ தேவல மாப்ள" என்றிருப்பாய்.

இந்த அரபு நாட்டை நீயும் நானும் பார்த்தது துளையிடும் குழாய் வழியாகத்தான். மேலே உப்புப் பொருக்கு, அதன் கீழே சேறு, ஈர மணல், பிறகு பாறை. தண்ணீரும் வரும், கடலைவிடக் கரிப்பாக. கட்டடம் கட்டுகிறவர்களுக்காகத் தரையைக் குடைந்து, மண்ணைப் பெட்டியில் அடுக்கி, எண் ஒட்டினோம். சாயங்காலம் பஸ் நம்மைச் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் கொட்டும்.

அந்தத் தரைக்கு அரபியில் சப்கா என்று பெயர்; சைட் படிவத்திலும் அப்படித்தான் எழுதுவோம். உனக்குத் தெரிந்த இந்தியில் 'சப் கா' என்றால் எல்லாருடையது. அப்படியே நம்பிவிட்டாய். ஃபோர்மேன் தனக்குப் போட்டிருந்த நிழல்குடையின் கீழ் போய் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாய். அவர் கத்தினார். "பாய், யே சப் கா ஹை. பேப்பர் மே லிக்கா ஹை" என்றாய், எல்லாருடையது என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறதாம். கேம்ப்பே சிரித்தது. சப்கா என்றால் உப்புத்தரை என்று நான் அர்த்தம் சொன்ன பிறகு, "அப்ப இது யாருக்குத்தாம்ல சொந்தம்?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியும். நமக்கில்லை.

தூத்துக்குடி உப்பளத்தில் நடந்து பழகிய கால் உனக்கு. அன்று லாரியிலிருந்து இறங்கிக் குதிகாலால் தரையைக் குத்தினாய்.

"பொத்துங்குது மாப்ள. வண்டி தாங்காது."

"தூ இன்ஜினியர் ஹை க்யா? யல்லா, ஜல்தி!" என்று, நீ என்ன இன்ஜினியரா என்பதுபோல் விரட்டினார் ஃபோர்மேன்.

நீ என்னைப் பார்த்தாய். "நீ டிப்ளமா படிச்சவம்லா. நீ சொன்னா கேப்பாரு."

என் கையில் படிவம் இருந்தது. தரை நிலை என்ற கட்டத்தில் 'உறுதி' என்று எழுதினேன். என் விசா புதுப்பிக்க வேண்டிய மாதம் அது.

லாரி அச்சுவரை இறங்கியது. வெயில் கொளுத்தும் மதிய ஓய்வு நேரம் வந்தது. "வண்டி வெளிய வர்ற வரைக்கும் ரெஸ்ட் மாஃபி", ஓய்வு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சேற்றை வாரி, சக்கரத்துக்கு அடியில் பலகை செருகிக்கொண்டிருந்த நீ ஒருமுறை நிமிர்ந்தாய்.

"பேப்பர்ல என்னல எழுதுன?"

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். குடித்தாய். கொஞ்ச நேரத்தில் விழுந்தாய்.

சான்றிதழில் இயற்கை மரணம் என்று போட்டார்கள். அந்த வெயிலும் இயற்கைதானே என்று நினைத்திருப்பார்கள். உன் பெட்டிக்கும் எண் ஒட்டித்தான் ஊருக்கு அனுப்பினார்கள். எல்லாரையும் திட்டித் தீர்த்தாயிற்று. முதல் பொய் என் கையெழுத்தில் இருக்கிறது.

அலுத்துவிட்டது எனக்கு. இருந்தும் இன்று லாரிக்கு முன்னால் போய்க் குதிகாலால் குத்தினேன். பொத். படிவத்தில் 'தாங்காது' என்று எழுதி நீட்டினேன். "கலாஸ், உன் வேலை முடிஞ்சுது, நாளைக்கு ஆபீஸ்ல போய் நில்லு" என்றார்கள். நிற்கிறேன். லாரி போகவில்லை.

தரையின் பெயர் கேட்கும் கட்டத்தில் இப்போதெல்லாம் நடுவில் இடம் விட்டே எழுதுகிறேன்: சப் கா. இதுவரை யாரும் திருத்தவில்லை.