கம்பி போட்ட பற்கள் ஆடுவது குறித்து

அனுப்புநர்:
கா. அன்புக்கரசி (வயது 39),
க/பெ. காளிச்சாமி,
கலங்கல் சாலை, சூலூர்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப் பணிகள்,
கோயம்புத்தூர்.

பொருள்: பல் கம்பி சிகிச்சையில் முன்பற்கள் ஆட்டம் கண்டது – அரசு மருத்துவர் பரிசோதிக்கவும் கிளினிக்கை ஆய்வு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் விசைத்தறிக் கூடத்தில் துணி மடிக்கும் வேலை செய்கிறேன். வாயை மூடினால் என் கீழ்ப்பற்கள் மேலண்ணத்தில் குத்திப் புண்ணாகிவிடும். நிம்மதியாகச் சோறு தின்ன வேண்டும் என்றுதான் எங்கள் பகுதியிலுள்ள ஒரு கிளினிக்கில் கம்பி போட்டுக்கொண்டேன். அதன் பெயரை இங்கே எழுதப் பயமாக இருப்பதால் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

2. எக்ஸ்ரே எடுக்கவில்லை. மாதந்தோறும் கம்பியை இறுக்குவார்கள். உயிர் போகும். "வலிக்குதுங்களா அம்மணி?" என்பார்கள். "பரவால்லீங்க" என்பேன். கேட்டவர் மனம் நோகக் கூடாதென்று எங்கள் பக்கத்தில் தானாக வாயில் வரும் பதில் அது. இப்போது கீழ் முன்பற்கள் இரண்டு, நாக்கு பட்டாலே ஆடுகின்றன.

3. போத்தனூரில் வேறொரு பல் மருத்துவரிடம் காட்டினேன். ஈறுக்குள் எலும்பு தேய்ந்திருக்கிறது, இந்த வயதில் அதைப் பார்க்காமல் இழுத்தால் பல்லே கையோடு வந்துவிடும் என்றார். ஆனால் கம்பியைத் தொட மறுத்துவிட்டார். போட்டவர்கள்தான் கழற்ற வேண்டுமாம். போட்டவர்களோ, "ஒவ்வொரு தடவையும் பரவால்லீங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்று என் தலையிலேயே கட்டுகிறார்கள். வரும் புதன்கிழமை மறுபடியும் இறுக்க வேண்டுமாம். வராவிட்டால் அவர்கள் பொறுப்பில்லையாம். போகவும் பயம், போகாமலிருக்கவும் பயம். தும்மல் வந்தால்கூடப் பல் விழுந்துவிடுமோ என்று கையால் வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

4. ஆகவே, புதன்கிழமைக்கு முன்பாக அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் என்னைப் பரிசோதித்து, கம்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று சொல்ல உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன்.

5. கிளினிக்கை ஆய்வு செய்ய ஆள் அனுப்பும்போது ஒன்றை மட்டும் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். கடைசியாக நான் போனபோது, என்னுடன் வேலை செய்யும் சாய்ப்ரியா அந்த நாற்காலியில் படுத்திருந்தாள். கண்ணீர் காதுவரை வழிந்துகொண்டிருந்தது. வலிக்கிறதா என்று அவர்கள் கேட்டதற்கு அவளும் "பரவால்லீங்க" என்றாள். தங்கள் அதிகாரிகள் வந்து கேட்டாலும் நாங்கள் எல்லோரும் அதையேதான் சொல்வோம். அதை எழுதிக்கொண்டு திரும்பிவிட வேண்டாம் ஐயா. வாயைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடம்: சூலூர்
நாள்: 14.11.2024

புதன்கிழமையை நினைத்து அஞ்சியிருக்கும்,
கா. அன்புக்கரசி
(ஒப்பம்)